‘ஃபிராடு’ என்று இணையத்தில் பெயர் கெட்டால்: சிறு விற்பனையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சேலை, கவரிங் நகை, மசாலாப் பொடி விற்கிறவர்களில் பலர் கையில் சரக்கு வைத்திருப்பதில்லை. படத்தைப் போட்டு, பணத்தை ஜிபேயில் வாங்கி, இளம்பிள்ளையிலோ சூரத்திலோ இருக்கும் மொத்த வியாபாரியிடம் சொல்லி நேரே வாடிக்கையாளருக்கு அனுப்பவைக்கிற ரீசெல்லர் வியாபாரம். சரக்கு எங்கே தாமதப்பட்டாலும் வாங்கியவருக்குத் தெரிவது உங்கள் பக்கத்தின் பெயர் ஒன்றுதான். பத்து நாள் ஆகியும் பார்சல் வரவில்லை என்றால் ‘இந்தப் பேஜ் ஃபிராடு, யாரும் பணம் போடாதீங்க’ என்று ஒரு ஸ்டோரி வரும், நாலு பேர் பகிர்வார்கள்.

அந்த நேரத்தில் கை பரபரக்கும். திருப்பித் திட்டுவது, பிளாக் செய்வது, ‘மானநஷ்ட வழக்குப் போடுவேன்’ என்று கமெண்டில் எழுதுவது ஆகிய மூன்றும் உங்களுக்கு எதிரான சான்றாகவே முடியும். இந்திய, தமிழ்நாட்டு நடைமுறைப்படி என்ன செய்யலாம் என்பது கீழே. எதிர்ப்பக்கத்தில் நின்று, உண்மையாகவே பணம் போய்ப் பதிவு போட்டு, வக்கீல் நோட்டீஸ் வாங்கியவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

முதல் வேலை: பதிவைப் பிடித்து வைப்பது

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பதிவு போட்டவர் மனம் மாறி அழித்துவிடவும் கூடும். எனவே பதில் எழுதும் முன் அதைச் சேமித்துவையுங்கள்.

வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, தேதி, நேரம் தெரியும்படி போனின் முகப்பிலிருந்து தொடங்குங்கள். செயலியைத் திறந்து, அந்தக் கணக்கின் முகப்புப் பக்கத்துக்குப் போய், பயனர் பெயர் தெரியக் காட்டுங்கள். மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம்; முக்கியம் பயனர் பெயர்தான். பிறகு பதிவு, அதன் கீழுள்ள கமெண்டுகள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வரை மெதுவாக நகர்த்துங்கள். கடைசியில் பதிவின் இணைப்பை நகலெடுத்து, தேதியோடு ஒரு குறிப்பில் ஒட்டிவையுங்கள். பொதுப் பக்கமாக இருந்தால், இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் ‘வேபேக் மெஷின்’ தளத்திலும் அந்த இணைப்பைச் சேமித்துவிடலாம்; மூன்றாம் தரப்பிடம் ஒரு நகல் இருப்பது நல்லது.

இதையே நண்பர் ஒருவரை அவருடைய போனிலிருந்து செய்யச் சொல்லுங்கள். காரணம் உண்டு. சட்டத்தில் அவதூறு என்பது மூன்றாவது ஆள் ஒருவரிடம் போய்ச் சேர்ந்த சொல். உங்கள் இன்பாக்சில் உங்களுக்கு மட்டும் வந்த வசவு எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அவதூறு ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆகும். பார்த்த அந்த மூன்றாவது ஆள் நாளைக்குச் சாட்சியாக வேண்டும்.

எல்லாருமே செய்கிற பிழை ஒன்று: ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுவது. வட்டம் போட்ட படம் வக்கீலுக்கு விளக்க உதவும், நீதிமன்றத்துக்கு உதவாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதில் இரண்டு பகுதிகள்: முதலாவதை அந்தச் சாதனத்தை வைத்திருப்பவர் தர வேண்டும், இரண்டாவதை நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண் அது. ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள். போனை விற்பதோ ரீசெட் செய்வதோ கூடாது. வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் ‘எக்ஸ்போர்ட்’ செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

என்ன சொல்லியிருக்கிறார் என்று வரிவரியாகப் பாருங்கள்

‘சேலை மட்டம், போட்டோவுக்கும் நேர்ல பாக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல’: இது கருத்து. இதற்கு வழக்குப் போட்டால் செலவுதான் மிச்சம். ‘1,850 ரூபாய் அனுப்பி 20 நாள் ஆச்சு, பார்சல் வரல’: இது தகவல், உண்மையா பொய்யா என்று கணக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். ‘இவங்க ஒரு ஏமாத்துக் கும்பல், நூறு பேர்கிட்ட சுருட்டியிருக்காங்க’: இதுதான் குற்றச்சாட்டு. ஒரே பதிவில் மூன்றும் கலந்துதான் வரும். நீங்கள் சட்டப்படி கை வைக்கக்கூடியது பெரும்பாலும் மூன்றாவதில்தான், அதுவும் இரண்டாவது பொய்யாகவோ ஏற்கெனவே தீர்க்கப்பட்டதாகவோ இருக்கும்போது.

புதிய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு சொல்லும் மோசடிக்குத் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பார்சல் தாமதம் அதில் வராது, அது ஒப்பந்தம் மீறல். ஆனால் பணம் வாங்கிய பின் வாடிக்கையாளரை பிளாக் செய்துவிட்டால், அந்த எண்ணத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாக ஆகிறது. தொல்லை தாங்கவில்லை என்று பிளாக் செய்து, அடுத்த நாளே ‘பிளாக் பண்ணிட்டாங்க’ ஸ்கிரீன்ஷாட்டால் பெயர் கெட்டவர்கள் ஏராளம். மியூட் செய்யுங்கள், பிளாக் வேண்டாம்.

பணக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் மானக் கணக்கு

அந்த ஆர்டருக்கு ஒரே பக்கத்தில் ஒரு காலவரிசை எழுதுங்கள்: ஆர்டர் வந்த தேதி, பணம் வந்த தேதி, 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண், மொத்த வியாபாரிக்குச் சொன்ன நாள், கூரியரில் போட்ட நாள், டிராக்கிங் எண், டெலிவரி ஆனதற்கான சான்று. எழுதி முடித்ததும் தப்பு யார் பக்கம் என்பது பெரும்பாலும் உங்களுக்கே விளங்கிவிடும்.

தர வேண்டிய பணம் என்றால் உடனே கொடுங்கள், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு. ‘இந்த நம்பருக்கு அனுப்புங்க’ என்று புதிதாக ஒரு எண்ணோ கியூஆர் படமோ வந்தால் நிறுத்திச் சரிபாருங்கள். சண்டை நடக்கும் கமெண்டுகளை மோப்பம் பிடித்து, வாடிக்கையாளர் போலவே நடித்து ரீஃபண்டை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பியதும் பரிவர்த்தனை எண்ணை அதே உரையாடலில் போட்டுவிடுங்கள்.

‘போஸ்ட்டை எடுத்தால்தான் ரீஃபண்ட்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கொடுக்க வேண்டிய பணத்தைப் பிணையாக வைத்து வாயை அடைக்கிறீர்கள் என்று அதுவே அடுத்த பதிவாகும். பணத்தை அனுப்பிவிட்டு, தனிச் செய்தியில் ‘தொகை சேர்ந்துவிட்டது என்பதையும் பதிவில் சேர்க்க முடியுமா?’ என்று கேளுங்கள். பலர் தாங்களே பதிவை எடுத்துவிடுவார்கள்.

எதிர்ப்பக்கம் வாங்கிய பொருளின் விலைக்கு மேல் ‘இருபதாயிரம் தா, இல்லாட்டி தினமும் ரீல்ஸ் போடுவேன்’ என்று மிரட்டினால் அது வேறு விஷயம். மிரட்டிப் பணம் பறிப்பது அதே சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் வரும், ஏழு ஆண்டுவரை தண்டனை உண்டு. அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள்; பேரம் பேசாதீர்கள்.

‘அன்பாக்சிங் வீடியோ கட்டாயம்’ என்ற வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை விதியாகப் போட்டிருந்தால் அது பணம் வாங்கும் முன்பே உரையாடலில் போயிருக்க வேண்டும். உங்கள் பக்கத்தின் ஹைலைட்ஸில் எங்கோ கிடக்கும் விதியைச் சண்டை வந்த பிறகு எடுத்துக் காட்டுவது எடுபடாது. வீடியோ இல்லை என்பதற்காகக் கிழிந்த சேலையை மாற்றித் தரும் பொறுப்பு தானாகப் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம்.

பொதுவில் ஒரே ஒரு பதில்

நீங்கள் எழுதுவது அந்த ஒருவருக்கு இல்லை. அடுத்து வாங்க நினைத்து வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. ஐந்தாறு வரி போதும். மாதிரிக்கு:

‘வணக்கம். மே 3ஆம் தேதி ஆர்டர் குறித்த உங்கள் பதிவைப் பார்த்தோம். பார்சல் மே 6 அன்று கூரியரில் போடப்பட்டது. டிராக்கிங் விவரத்தை உங்கள் இன்பாக்சுக்கு அனுப்பியிருக்கிறோம். 16ஆம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் முழுத் தொகையும் அன்றே உங்கள் கணக்குக்குத் திருப்பி அனுப்பப்படும்.’

சொன்ன தேதியில் சொன்னதைச் செய்துவிட்டு, அதன் கீழேயே ‘இன்று திருப்பி அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி. அதற்கு மேல் எத்தனை கமெண்ட் வந்தாலும் பேச வேண்டாம். வாடிக்கையாளரின் போன் எண், முகவரி, முகம் தெரியும் வீடியோ எதையும் பொதுவில் காட்டக் கூடாது. கூரியர் ரசீதைப் படமெடுத்துப் போடும்போது முகவரி தெரிந்துவிடுவது சாதாரணமாக நடக்கும். உங்கள் வாடிக்கையாளர்களை ஏவி அவரைத் திட்டவைப்பதும், பத்துப் போலி ஐந்து நட்சத்திர ரிவ்யூ போட்டுப் புகாரை அமுக்குவதும் அதைவிட மோசம். போலி ரிவ்யூ வெளியே தெரிந்தால் ‘ஃபிராடு’ என்ற சொல் பொருந்தியே போய்விடும்.

உங்கள் பெயரில் வேறொருவர் விற்றிருந்தால்

இது இப்போது மிக அதிகம். உங்கள் படங்களையும் லோகோவையும் எடுத்து, பயனர் பெயரில் ஒரு புள்ளியோ அடிக்கோடோ சேர்த்து, பாதி விலைக்கு ‘விற்கிறார்கள்’. ஏமாந்தவர் தேடிவந்து திட்டுவது உங்களை. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: பணம் அனுப்பிய ரசீதில் பெறுநர் பெயர் என்ன, பரிவர்த்தனை எண் என்ன? பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதை அது ஒன்றே காட்டிவிடும். அவரையே சைபர் மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். பணம் கணக்கு மாறிப் போவதற்குள் தடுக்க முடிந்தால் அந்த வழியில்தான் முடியும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் போனது போனதுதான்.

நீங்களும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தனியாகப் புகார் கொடுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் வருகிறது: மூன்றாண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். நேரில் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் வராதீர்கள். அதன் எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் உண்மையான பயனர் பெயரையும் பணம் பெறும் பெயரையும் சொல்லும் பதிவு ஒன்றைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்யுங்கள்.

தளத்திடம் புகார் சொல்வது

‘இது பொய்’ என்று ரிப்போர்ட் செய்தால் தளங்கள் பெரும்பாலும் எடுக்க மாட்டா. அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்த பிறகு நீக்கத் தவறினால்தான், பிறர் போட்ட பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பு போகும் என்று விளக்கியது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் இருந்த ‘அவதூறு’ என்ற சொல்லும் 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. எது உண்மை எது பொய் என்று தீர்ப்புச் சொல்லத் தளம் முன்வராது.

ஆகவே பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் செய்யுங்கள்: ஆள்மாறாட்டம், அந்தரங்கத் தகவலை வெளியிட்டது, மிரட்டல், உங்கள் படத்தைத் திருடியது. கூகுள் ரிவ்யூ என்றால் போட்டிக் கடைக்காரர் போட்டது, கடைக்குத் தொடர்பே இல்லாதது, வசவு என்ற வகைகள் பலிக்கும்; ‘எனக்குப் பிடிக்கவில்லை’ பலிக்காது. சரிவராவிட்டால் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவருக்குக் காலக்கெடு உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் அன்றைக்குள்ள கெடுவைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாம் ஆன்லைனிலேயே.

‘ஐயாயிரம் கொடுங்க, எந்த ரிவ்யூவையும் எடுத்துத் தர்றோம்’ என்று வருகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வங்கிக் கணக்கு முடங்கினால்

அதிருப்தியான வாடிக்கையாளர் 1930இல் புகார் கொடுத்துவிட்டால், பதிவைவிடப் பெரிய தலைவலி இதுதான்: உங்கள் கணக்கில் அந்தத் தொகையோ, சில நேரம் கணக்கு முழுவதுமோ நிறுத்திவைக்கப்படும். வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் அதிகாரம் இல்லை. அவரிடம் வாங்க வேண்டியது புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்ற விவரங்கள். பின்பு அந்த விசாரணை அதிகாரிக்கு, முன்பே எழுதிவைத்த காலவரிசை, ரசீதுகள், ரீஃபண்ட் எண் ஆகியவற்றோடு மின்னஞ்சல் அனுப்பி, தகராறுக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கேளுங்கள். அசையவில்லை என்றால் வக்கீல் மூலம் நீதித்துறை நடுவரிடம் மனு. வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு இருந்தால் வீட்டுச் செலவாவது தப்பிக்கும். அதைச் சண்டை வரும் முன்பே திறந்திருக்க வேண்டும்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுத்து மூலமான நோட்டீஸ் கேளுங்கள், வந்தால் ஆவணங்களோடு போங்கள். வீடியோ காலில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று யாராவது உட்காரவைத்தால் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

நோட்டீஸ், வழக்கு

அவதூறுக்கு வழக்குப் போடும் முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பாதிச் சண்டை நோட்டீசோடு தீர்கிறது. நல்ல நோட்டீசில் அவதூறான சொற்கள் எழுதப்பட்ட தமிழிலேயே அப்படியே இருக்கும். ‘தரக்குறைவாக எழுதினார்’ என்ற பொதுப்பேச்சு உதவாது. தேதி, இணைப்பு, எது ஏன் பொய், ரத்தான ஆர்டர்கள், என்ன வேண்டும், எத்தனை நாளில் என்பவையும் வேண்டும். ‘பத்துக் கோடி நஷ்டஈடு’ என்ற மிரட்டலைப் பார்த்து எதிர்ப்பக்கத்து வக்கீல் சிரிப்பார். தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்கில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். பத்து லட்சம் கேட்டால் 30,000 ரூபாய் முதலில் கட்ட வேண்டும். நிரூபிக்க முடிந்த நஷ்டத்தைக் கேளுங்கள்.

கெடு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எழுத்து மூல அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கை, வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். தளத்தோடு மெயிலாடிக்கொண்டே அந்த ஆண்டைத் தொலைத்துவிடாதீர்கள். குற்றவியல் வழக்குக்கு மூன்றாண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு வந்திருக்கிறது: இரண்டாண்டுவரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடும் குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் தர வேண்டும், எதிராளி சொல்வதைக் கேட்ட பிறகே நடுவர் அதை எடுத்துக்கொள்வார். ‘ஸ்டேஷனில் அவதூறு கேஸ் போட்டுட்டேன்’ என்று யாராவது சொன்னால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

பதிவு போட்டவர் யாரென்றே தெரியவில்லை என்றால், அடையாளம் தெரியாத எதிர்வாதி என்று வழக்குப் போட்டு, கணக்கின் விவரத்தைத் தரத் தளத்துக்கு உத்தரவு கேட்கலாம். இடைக்காலத் தடை எளிதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எதிராளி ‘உண்மை, நிரூபிப்பேன்’ என்று நின்றால் நீதிமன்றங்கள் தயங்கும்.

ஆயிரம் ரூபாய்ச் சேலைக்காக இவ்வளவு தூரம் போவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பதிவு தொடர்ந்து பரவி, ஆர்டர்கள் ரத்தாகி, சொன்னது அப்பட்டமான பொய் என்று தாளில் காட்ட முடிந்தால் மட்டும் போங்கள்.

நோட்டீஸ் உங்களுக்கு வந்திருந்தால்

பணத்தை இழந்தது நீங்கள், பதிவு போட்டதும் நீங்கள் என்றால், பதறி அழிக்காதீர்கள். உங்கள் சான்றும் சேர்ந்தே அழியும். மேலே சொன்ன முறையில் சேமித்துவிட்டு, பிறகு அழிக்காமல் மற்றவர் கண்ணிலிருந்து மறைக்கும் ‘ஆர்க்கைவ்’ செய்யுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் என்ன ஆதாரம் என்று பாருங்கள். பணம் அனுப்பியதும் பொருள் வராததும் உங்கள் சொந்த அனுபவம், காட்டிவிடலாம். ‘நூறு பேரிடம் சுருட்டினார்’ என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? அந்த வரியை எடுத்துவிட்டுத் தேதி, தொகை, நடந்தது மட்டும் உள்ள பதிவாக மாற்றினால் உங்கள் நிலை பலப்படும். விற்பவரின் குடும்பப் படமோ வீட்டு முகவரியோ இருந்தால் இன்றே எடுங்கள்.

உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். குற்றவியலில் உண்மையோடு பொதுநன்மையும் இருக்க வேண்டும் என்கிறது 356இன் முதல் விதிவிலக்கு. தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதும், பிறரை எச்சரிக்கச் சொன்னதும் ஒன்பதாவது, பத்தாவது விதிவிலக்குகளில் வரும். நோட்டீசுக்குக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணமே இல்லை. முறையான இடத்தில் புகார் கொடுத்தவர் என்பது ‘நல்லெண்ணம்’ என்று வாதிடும்போது கைகொடுக்கும்.

சமாதானம் ஆனால் எழுத்தில்

வெறும் ‘சரி விடுங்க’ போதாது. எந்தெந்த இணைப்புகள் நீக்கப்படும், விளக்கம் எந்தப் பக்கத்தில் எத்தனை நாள் இருக்கும், தொகை எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன, இரு பக்கமும் இனி எழுதுவதில்லை என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். குற்றவியல் அவதூறு வழக்கையும் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம். 1930 புகார் இருந்தால், புகார்தாரர் அதே காவல் நிலையத்துக்குத் தீர்ந்துவிட்டது என்று எழுதித் தர வேண்டும், அங்கிருந்து வங்கிக்குக் கடிதம் போக வேண்டும். பதிவு நீங்கியதால் கணக்கு தானாகத் திறக்காது; அந்தக் கடிதத்தின் நகலை வாங்கி நீங்களே வங்கிக் கிளையில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.